பத்து நிமிடக் கூடை

புதிய தொழிற்சாலையில் ஆசிட்டை யாரும் பார்ப்பதில்லை. தொட்டிகளைச் சுற்றி அறை கட்டி மூடிவிட்டார்கள். கூடை தானாக உள்ளே போகிறது, தானாக வெளியே வருகிறது. போன நேரத்தையும் வந்த நேரத்தையும் மெஷின் எழுதுகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினார்கள். பாதுகாப்புப் பிரிவில் கவிதா என்று ஒரு பெண் இருக்கிறார். தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்கொன்று எழுதித் தாருங்கள் என்றார். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஆறாம் வகுப்போடு நின்றவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

ஜூரோங் பக்கம் ஒரு முலாம் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். வீடு பூன் லேயில். இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் துரு ஏறாது. விளக்குக் கம்பம், சாலையோரத் தடுப்பு, ஏணி, போல்ட் எல்லாம் எங்களிடம் வரும். முக்குவதற்கு முன் இரும்பு சுத்தமாக இருக்கவேண்டும். கொஞ்சம் துரு இருந்தாலும் அந்த இடத்தில் முலாம் பிடிக்காது. அந்தத் துருவைத் தின்பதற்குத்தான் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். எங்கள் வாயில் வெறும் ஆசிட்.

முதல் மூன்று வருடம் கூடை கட்டினேன், கம்பி கட்டினேன், தரை கழுவினேன். பிறகு ஆசிட் தொட்டிப் பக்கம் போட்டார்கள். அங்கேயே இருந்துவிட்டேன்.

புது ஆசிட் லேசான மஞ்சளாக இருக்கும். தூரத்தில் பார்த்தால் தண்ணீர். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும். மழை பெய்து ஓய்ந்த நாளில் இன்னும் அதிகம் எழும், ஏனென்றால் அது காற்றில் உள்ள ஈரத்தைப் பிடிக்கிறது. மூக்கில் ஊசி குத்துவது போல் இருக்கும். டாங்கர் லாரியில் வருவது கெட்டி ஆசிட். தொட்டியில் தண்ணீர் விட்டு, அதில் ஆசிட்டைக் கலக்கவேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. சூடேறி முகத்தில் தெறிக்கும். மேலே பட்டால் ஓடிப்போய்க் குழாயடியில் நிற்கவேண்டும். பதினைந்து நிமிடம் நிற்கவேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் நின்றுவிட்டது என்று வந்தவர்களுக்குத் தழும்பு இருக்கிறது.

இரும்பைத் தின்னத் தின்ன ஆசிட் பச்சையாகும். கரும்பச்சை ஆனால் அதில் இரும்பு நிறைந்துவிட்டது, இனி வேலை செய்யாது என்று பொருள்.

பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் மூன்றாவது துவையலில் சல்லடை. என் மனைவி என் வேலைச் சட்டையை மற்றத் துணிகளோடு ஒரே மூங்கில் கழியில் காயப்போட மாட்டார். வீட்டுச் சாவி துருப்பிடிக்கும். தொழிற்சாலைக் கூரை, கதவுப் பூட்டு, வாசலில் நிறுத்திய சைக்கிள் எல்லாம் துருப்பிடிக்கும். துரு எடுக்கிற இடத்தில் எங்கே பார்த்தாலும் துரு. எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கு முன்பற்கள் தேய்ந்து குட்டையாக இருக்கும். புகை வாய்வழி போய்ப் பல்லையும் தின்னும்.

இதே ஆசிட்டைத்தான் நீச்சல் குளத் தண்ணீருக்கும் சேர்க்கிறார்கள், பாய்லருக்குள் படிந்த உப்பைக் கரைக்கிறார்கள், எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கிறார்கள். நம் வயிற்றிலும் இதுதான் இருக்கிறது என்று பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். "அப்ப நான் நடமாடுற தொட்டியா" என்று ஒருவர் கேட்டார். வகுப்பு நடத்தியவர் ஆமாம் என்றார்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற கெடுதல். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் லிம். ஒல்லியான ஆள். சத்தம் போட மாட்டார். சீனர், ஆனால் எங்களோடு மலாயில்தான் பேசுவார். எனக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான், அதனால் மலாய் இருவருக்கும் பொது. காலையில் வந்ததும் தொட்டி தொட்டியாக நடப்பார். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கண்ணாடிக் குழலில் ஆசிட் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். பிறகு அளவுக் கருவியை அதில் மிதக்கவிடுவார். எழுதிக்கொள்வார். நாம் பக்கத்தில் நின்றால் நிற்கலாம். போ என்றும் சொல்ல மாட்டார், வா என்றும் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் அவர் என்னிடம் ஒரு ஆணியையும் ஒரு போல்ட்டையும் கொடுத்தார். போல்ட்டின் தலையில் 10.9 என்று அடித்திருந்தது. அது கடினமான எஃகு. பெரிய சுமை தாங்கும் இடத்தில் போடுவது.

தொட்டியைக் காட்டினார். இரும்பைச் சுற்றிக் குமிழி வந்துகொண்டிருந்தது.

"அது என்ன?"

"காற்று."

"ஹைட்ரஜன். கொஞ்சம் மேலே போகும். கொஞ்சம் இரும்புக்கு உள்ளே போகும்."

ஆணியைக் காட்டினார். "இவன் இளகியவன். உள்ளே போனதை வெளியே விட்டுவிடுவான்." போல்ட்டைக் காட்டினார். "இவன் சோம்போங்."

சோம்போங் என்றால் மலாயில் திமிர் பிடித்தவன்.

"வளைய மாட்டான். உள்ளே போனதை வைத்துக்கொள்வான். மேலே முலாம் வேறு பூசி மூடிவிடுகிறோம். பார்க்க நன்றாக இருப்பான். இழுத்து முறுக்கி, சுமை ஏற்றினால் உடனே உடைய மாட்டான். சாயங்காலம் உடைவான். நாளைக்கு உடைவான். சத்தம் மட்டும்தான் வரும்."

அதனால் 10.9 போல்ட்டுக்குத் தனி முறை. முதலில் மணல் அடித்துத் துருவை எடுப்போம். ஆசிட்டில் பத்து நிமிடம்தான். பத்து என்றால் பத்து. அந்தக் கூடைக்குப் பெயரே பத்து நிமிடக் கூடை. மற்ற இரும்புக்கு அரை மணி, ஒரு மணி ஆகும், கொஞ்சம் கூடினால் ஒன்றுமில்லை. இரும்பு கரையாமல் இருக்க ஆசிட்டில் ஒரு மருந்தும் கலப்போம். மருந்து மேல்தோலைக் காக்கும். உள்ளே போவதை முழுக்க நிறுத்தாது.

தொட்டிகளுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. கூடை எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். கெப்பாளாதான் எழுதவேண்டும். கெப்பாளா என்றால் கூட்டத்துக்குத் தலைவன். பத்தாவது வருடத்தில் மிஸ்டர் லிம் என்னைக் கெப்பாளா ஆக்கினார். சாக்குக் கட்டியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஏன் என்னை என்று நானும் கேட்கவில்லை.

பலகைதான் எல்லாம். பலகை சரியாக இருந்தால் போல்ட்டைத் திரும்பச் சோதிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு லாட்டிலும், அதாவது சேர்ந்தாற்போல் வரும் தொகுதியிலும், ஆறு போல்ட் எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருப்பார் மிஸ்டர் லிம். சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு. பல வருடமாகச் சந்தேகம் வந்ததில்லை. டப்பா நிறைந்தால் பழையதைக் கொட்டுவார்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பலகையில் எழுதவேண்டுமானால் கையுறையைக் கழற்றவேண்டும், கை கழுவவேண்டும், துடைக்கவேண்டும், எழுதவேண்டும், திரும்பவும் கையுறை போடவேண்டும். அரை நாள் வேலை என்றால் எல்லாக் கெப்பாளாக்களும் கடைசிச் சுற்றுக் கூடைகளுக்கு வெளியே வரும் நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். பிறகு எழுதியபடி எடுத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். எத்தனையோ வருடம் எழுதியபடியே எடுத்தேன். ஒரு நிமிடம் முன்பின் ஆனதில்லை.

அன்று தீபாவளிக்கு முதல் நாள். இந்தியத் தொழிலாளர்களுக்குப் பன்னிரண்டு மணிவரைதான் வேலை. பிற்பகலில் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைசியாக நான்கு கூடை இருந்தது. மூன்று சாதாரணம், ஒன்று பத்து நிமிடக் கூடை. நூற்றிருபது போல்ட், அதுபோக டப்பாவுக்கு ஆறு. நான்குக்கும் வெளியே வரும் நேரத்தை எழுதினேன். பத்து நிமிடக் கூடைக்கு உள்ளே பதினொன்று இருபத்தைந்து, வெளியே பதினொன்று முப்பத்தைந்து.

மூன்று கூடையை எடுத்துவிட்டேன். நான்காவதைத் தூக்க ஹாய்ஸ்ட் இல்லை. அது தூக்கும் மெஷின், எங்கள் வரிசைக்கு ஒன்றுதான். துத்தநாகத் தொட்டிப் பக்கம் ஒரு நீள உத்திரத்தோடு மாட்டிக்கொண்டிருந்தது. செல்வம்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். செல்வம் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், வேலை அனுமதியில் வந்தவன், விடுதியில் இருப்பவன். அன்று அரை நாள் வேண்டாம், ஓவர்டைம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான். விடுதியில் போய் என்ன செய்வது என்றான்.

ஹாய்ஸ்ட்டுக்குக் காத்திருந்தபோது கேன்டீனுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. முதலாளி பலகாரப் பொட்டலம் கொடுத்தார். கொஞ்சம் பேசினார். எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு உடை மாற்றினேன். பன்னிரண்டுக்குக் கம்பெனி பஸ். ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் கூடை என் நினைவில் இல்லை. பலகையில் எழுதியாகிவிட்டது. எழுதியதால் மனதுக்குள் அது முடிந்துபோன வேலை. ஃபேரர் பார்க்கில் மனைவி காத்திருந்தார். பூ வாங்கினோம், வாழையிலை வாங்கினோம், கூட்டத்தில் இடிபட்டு நடந்தோம். நல்ல நாளாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் வேலைக்குப் போனேன். பத்து மணி டீ நேரத்தில் செல்வம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கொண்டுபோன முறுக்கை எடுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்தப் பத்து நிமிசக் கூடை இருக்குல்ல. அன்னைக்கு நாலு பத்துக்குத்தாண்ணே நான் எடுத்தேன். வேற கூடைக்குக் கொக்கி மாட்டப் போனா, உள்ள கிடக்குது."

"பலகையில பதினொண்ணு முப்பத்தஞ்சு இருக்கு."

"அதாண்ணே. உங்க எழுத்து. எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் தொடாம இருந்திருக்காங்க. அதை அழிச்சிட்டு நான் நாலு பத்துன்னு எழுதினா உங்களுக்கு என்ன மரியாதை? அலசி, முலாம் போட்டு அனுப்பிட்டேன்."

"யார்கிட்டயும் சொன்னியா?"

"ம்ஹூம்."

"பாக்க எப்படி இருந்துச்சு?"

"வெள்ளி மாதிரிண்ணே. நாம இவ்வளவு சுத்தமா எடுத்ததே இல்ல."

லாரி போய்விட்டதா என்று கேட்டேன். ஒன்பது மணிக்கே போய்விட்டது என்றான்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். வேலைக்குப் போனேன். அன்று முழுக்க மிஸ்டர் லிம்மிடம் சொல்லவில்லை. இதை எழுதாமல் விடலாம். கவிதா உள்ளதை எழுதுங்கள் என்றார், அதனால் எழுதுகிறேன். சொன்னால் சாக்குக் கட்டி போய்விடும் என்று பயந்தேன். செல்வத்தை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் மனதில் இருந்தது, ஆனால் முதலில் வந்தது அது இல்லை.

சாயங்காலம் லாரி ஓட்டுநர் திரும்பி வந்தார். அந்த போல்ட் எங்கே போனது என்று சும்மா கேட்பது போல் கேட்டேன்.

"புக்கிட் மேரா. அடுக்குமாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. கொண்டோலா தொங்கவிட மேல இரும்புக் கை மாட்டுறாங்கல்ல, அதுக்கு. இறக்கும்போதே ஸ்பானரோட நின்னாங்க, அவ்வளவு அவசரம்."

கொண்டோலா என்பது பெயிண்ட் அடிப்பவர்கள் நின்று வேலை செய்யும் தொங்கு மேடை. மாடியின் உச்சியில் இரும்புக் கைகளை போல்ட் போட்டு நிறுத்தி, அவற்றிலிருந்து கம்பி வடத்தில் தொங்கவிடுவார்கள்.

அன்றிரவு தூங்கினேனா என்றால், தூங்கினேன். காலையில் முகம் கழுவும்போது கை நின்றுவிட்டது. ஏழே முக்காலுக்கு மிஸ்டர் லிம் முன்னால் போய் நின்றேன்.

"பத்து நிமிடக் கூடை. தீபாவளிக்கு முதல் நாள். நாலே முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தது. பலகையில் நான் எழுதியது பொய்."

அவர் கண்ணாடிக் குழலைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கேள்வி கேட்டார். எந்தத் தொட்டி. அன்று ஆசிட் எவ்வளவு பலம். மருந்து கலந்து எத்தனை நாள். எத்தனை போல்ட். எங்கே போனது. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"நேற்று டீ நேரம்."

என் முகத்தைப் பார்த்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

டப்பாவைத் திறந்து அந்த லாட்டின் ஆறு போல்ட்டை எடுத்தார். அலமாரியின் அடியிலிருந்து ஒரு கனத்த எஃகுத் தட்டை இழுத்தார். அதில் துளைகள் இருந்தன. ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த வளையம் வைத்தார். போல்ட்டைப் போட்டால் தலை சாய்ந்து உட்காரும். ஒரே பக்கம் இழுபடும். நட்டைப் போட்டு, அளவு காட்டும் நீண்ட ஸ்பானரால் முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஸ்பானரின் எண்ணை என்னையும் பார்க்கச் சொன்னார். ஆறும் முறுக்கி முடித்தபோது எட்டு நாற்பது. தலை பறந்து கண்ணில் படும் என்று மேலே ஒரு இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தார்.

"இனி?"

"காத்திரு. நாளைக் காலைவரை."

போனில் புக்கிட் மேராவைக் கூப்பிட்டார். அங்கே சூப்பர்வைசர் சேகர் என்று ஒரு தமிழர். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"தொண்ணூற்றாறு போல்ட் மாட்டிவிட்டார்கள். இன்று இரண்டு மணிக்கு மேடையில் ஆள் ஏறுகிறது. போல்ட் கெட்டதா என்று கேட்கிறான். இப்போது தெரியாது என்றேன். தெரிந்தால் சொல்லு என்கிறான். நான் இந்தப் பெட்டியை விட்டு வர முடியாது. நீ போ. எழுதியவன் நீ. ஏறாமல் பார்த்துக்கொள்."

போகும்போது பின்னால் இருந்து கூப்பிட்டார்.

"மாணிக்கம். நீங்கள் எல்லோரும் முன்னாலேயே எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அரை நாளும் பார்த்திருக்கிறேன்."

லாரியில் ஏறினேன்.

பழைய கட்டடம், பதினான்கு மாடி. லிஃப்ட்டில் போய், பிறகு இரும்பு ஏணியில் கூரைக்கு ஏறினேன். பன்னிரண்டு இரும்புக் கைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எட்டு போல்ட். வெயிலில் பளபளத்தன. செல்வம் சொன்னது சரி, எங்கள் கையிலிருந்து இவ்வளவு அழகாக ஒன்றும் போனதில்லை. சேகருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் போன், ஒரு கையில் தண்ணீர் பாட்டில்.

"அங்கிள், உங்க ஆளு ஒண்ணும் தெளிவா சொல்ல மாட்டேங்கிறாரு லா. ஓகேவா, ஓகே இல்லையா?"

"தெரியாது தம்பி. நாளைக்குத்தான் தெரியும். இன்னைக்கு ஏத்த வேணாம்."

"நாளைக்குன்னா என் புரோகிராம் போச்சு. நேத்தே இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருச்சு. சுமை வச்சு டெஸ்ட் பண்ணிட்டாங்க. ஒண்ணும் ஆகல."

"உடனே ஆகாது. நேரம் கழிச்சு ஆகும்."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"அதுவும் தெரியாது."

சேகர் சிரித்துவிட்டார். "தெரியாது, தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? கம்பெனி லெட்டர் இருக்கா? இல்லல்ல. பேப்பர் இல்லாம நான் நிறுத்தினா என்னைக் கேப்பாங்க அங்கிள்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் கம்பெனி கொடுத்த காகிதம் அவரிடம் இருந்தது. ஆசிட்டில் பத்து நிமிடம் என்று அதில் போட்டிருந்தது. என் பலகையைப் பார்த்து எழுதிய காகிதம்.

ஒன்றே முக்காலுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் நான்கு பேர் கூரைக்கு வந்தார்கள். மூன்று பேர் தமிழ்நாடு, ஒருவர் பங்களாதேஷ். இடுப்பில் பாதுகாப்புப் பட்டி கட்டியிருந்தார்கள். மூத்தவர் பாண்டி, ராமநாதபுரத்துக்காரர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். நான் சேகரை விட்டுவிட்டு அவர்களிடம் போனேன்.

"இந்த போல்ட் எங்க தொழிற்சாலையில முலாம் போட்டது. அதிக நேரம் ஆசிட்ல கிடந்துருச்சு. நான்தான் கெப்பாளா. பலகையில நேரத்தைத் தப்பா எழுதினேன். ஏறாதீங்க."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாண்டி ஒரு போல்ட்டைத் தொட்டார்.

"நல்லாத்தானே இருக்கு."

"பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"தீபாவளிப் பலகாரம் தின்னுட்டு மறந்துட்டீகளோ?"

"ஆமா."

அவர் கேலிக்குத்தான் கேட்டார். நான் ஆமாம் என்றதும் முகம் மாறியது.

"ஏண்ணே, நீங்க எழுதினது பொய்யின்னு நீங்களே சொல்றீக. இப்பச் சொல்றது மட்டும் மெய்யின்னு எப்படி நம்புறது? இன்னைக்கு ஏறலைன்னா எங்களுக்கு இன்னைக்கு வேலை இல்லை. தெரியுமில்ல?"

மிஸ்டர் லிம்மாக இருந்தால் ஹைட்ரஜனைப் பற்றிச் சொல்லியிருப்பார். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. மேடை கூரை விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஏறும் சிறு கதவுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"நம்ப வேணாம். ஏறாதீங்க."

சேகர் வந்து, "அங்கிள், எழுந்திரிங்க, டோன்ட் மேக் ட்ரபிள்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி ஆனது. சேகர் பாண்டியைப் பார்த்தார். பாண்டி என்னைப் பார்த்தார். பிறகு இடுப்புப் பட்டியை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"சார், இவுக பெரியவுக. வெயில்ல உக்காந்து கிடக்காக. நான் இவுகளைத் தாண்டிப் போகமாட்டேன். நீங்க வேணா ஏறுங்க."

மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சேகர் போனை எடுத்துக்கொண்டு கூரையின் மறுகோடிக்குப் போனார். யாரிடமோ நிறைய நேரம் பேசினார். குரல் ஏறியது, இறங்கியது.

மூன்று இருபதுக்கு என் போன் அடித்தது. மிஸ்டர் லிம்.

"ஒன்று போய்விட்டது. இப்போது. தலை தனியாக. நீ கேட்கிறாயா?"

"கேட்கிறேன்."

"ஏறினார்களா?"

"இல்லை."

அவர் மூச்சு விடுவது கேட்டது. போனை சேகரிடம் கொடுக்கச் சொன்னார். சேகர் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரும்புக் கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பாண்டி எழுந்து வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கால் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் காலைக்குள் ஆறில் மூன்று உடைந்திருந்தன. உடைந்த முகம் மணல் மணலாக, சர்க்கரைக் கட்டியைப் பிட்டது போல் இருந்தது. வளைந்து இழுபட்ட அடையாளம் இல்லை. மற்ற மூன்றும் கடைசிவரை உடையவில்லை. ஒரே கூடை, ஒரே ஆசிட், ஒரே நேரம். ஏன் மூன்று என்று மிஸ்டர் லிம்முக்கும் சொல்லத் தெரியவில்லை.

விசாரணை நடந்தது. அலுவலகத்தில் செல்வத்தை அனுப்பிவிடலாம் என்றார்கள். மிஸ்டர் லிம், "இவனை அனுப்பினால் இனி எவனும் வாய் திறக்கமாட்டான்" என்றார். அறிக்கையில் தன் பெயரையும் எழுதினார், தெரிந்தும் தடுக்கவில்லை என்று. செல்வத்துக்கு எச்சரிக்கைக் கடிதம். பிறகு நான்கு வருடம் இருந்துவிட்டு அவனாகத்தான் ஊர் போனான். எனக்குக் கெப்பாளா வேலை போனது. திரும்பக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைவிட இருபது வயது இளைய ஒருவருக்குக் கீழே கூடை கட்டினேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

போல்ட் எல்லாம் திரும்பி வந்தது. சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினார்கள். மிஸ்டர் லிம்மும் நானும் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினோம். இரும்புக் கைகளில் மாட்டியிருந்த தொண்ணூற்றாறும் இருந்தது. மாட்டாமல் பையில் வைத்திருந்தது இருபத்துநான்கு இருக்கவேண்டும். இருபத்துமூன்று இருந்தது. திரும்ப எண்ணினோம். அவர் தனியாக எண்ணினார், நான் தனியாக எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது.

சேகர் கூரையைத் தேடச் சொன்னார். பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். எல்லோரையும் கேட்டார்கள். சைட் என்றால் அப்படித்தான், யாராவது ஒன்றை எடுத்து எதற்காவது போட்டிருப்பார்கள். நானும் நான்கு சனிக்கிழமை போய்த் தேடினேன். கட்டடத்தைச் சுற்றிப் புல்லில் தேடினேன், வடிகாலில் தேடினேன். பாண்டியும் ஒரு நாள் என்னோடு வந்து தேடினார். கிடைக்கவில்லை. மிஸ்டர் லிம் அறிக்கையில் நூற்றுப் பத்தொன்பது என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

முறுக்காதவரை அது உடையாது. ஏதாவது டப்பாவில் ஆணிகளோடு கிடக்கலாம். கப்பலில் போன பழைய இரும்போடு போயிருக்கலாம். அல்லது எங்காவது எதையாவது தாங்கிக்கொண்டு, ஆறில் மூன்று போல உடையாமலே இருக்கலாம். மிஸ்டர் லிம் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசியாகப் பார்த்தபோது, "கிடைத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பஸ் நிறுத்தத்தில், நடைபாலத்தில், பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் இடத்தில் முலாம் போட்ட போல்ட்டைப் பார்த்தால் குனிந்து தலையைப் படிக்கிறேன். 10.9 என்று இருந்தால் விரலால் தொட்டுப் பார்ப்பேன். தொட்டால் ஒன்றும் தெரியாது. அது எனக்குத் தெரியும். தொட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.